பாலோமினோ பரம்பரை தொடங்க 60,000 காயின்: கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

வெண்பிடரி:
வணக்கம். இதுவரை குதிரை வளர்க்கும் ஆன்லைன் விளையாட்டில் போட்டிகளில் மட்டும் கலந்துகொண்டு வந்தேன். இப்போது சொந்தமாக ஒரு பாலோமினோ பரம்பரை தொடங்க ஆசை. பொன்னிற உடம்பும் வெள்ளைப் பிடரியும் வேண்டும், நன்றாகத் தாண்டவும் வேண்டும். பழைய குதிரைகளை எல்லாம் விற்றுவிட்டேன்.

கையில் 60,000 காயின் இருக்கிறது. லாயத்தில் ஆறு கொட்டடி, ஆறும் காலி. வளர்ந்த குதிரைக்குத் தீவனம், வைக்கோல், லாடம், வைத்தியம் எல்லாம் சேர்த்து விளையாட்டு மாதத்துக்கு 300 ஆகும். குட்டிக்கு 150. தினசரி போனஸில் மாதம் 500 வருகிறது. சினைக்காலம் நிஜக் குதிரைக்கு இருப்பது போலவே 11 மாதம். குட்டி பால் மறக்கப் பிறந்ததிலிருந்து ஆறு மாதம் ஆகும், அதன் பிறகுதான் விற்க முடியும்.

திட்டம் இதுதான்: போட்டிகளில் ஜெயித்த பாலோமினோ பொலிகுதிரை (இனப்பெருக்கத்துக்கான ஆண்குதிரை) ஒன்று 36,000. பாலோமினோ பெண்குதிரைகள் மூன்று, தலா 7,000. மொத்தம் 57,000, மிச்சம் 3,000. மாதச் செலவு 1,200, வரவு 500. ஐந்தாம் மாதத்திலேயே காசு தீர்ந்துவிடுகிறது. முதல் குட்டி பிறப்பது பதினோராம் மாதம். எதைக் குறைக்கலாம்? பெண்குதிரையை இரண்டாக்கவா?

லாயக்காரர்:
பெண்குதிரையைக் குறைக்காதீர்கள், பொலிகுதிரையை விடுங்கள். உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் அவனுக்கே போகிறது, வருடத்தில் அவனுக்கு வேலையோ மூன்று தடவைதான். வெளி ஆட்களின் பொலிகுதிரையை இணை சேர்க்க என்ன கட்டணம் கேட்கிறார்கள் என்று பார்த்தீர்களா?

வெண்பிடரி:
பார்த்தேன். நல்ல ரெக்கார்டு உள்ள குதிரைக்கு ஒரு தடவைக்கு 1,500. பாலோமினோவும் இருக்கிறது, வெளிறிய நிறக் கிரெமெல்லோவும் இருக்கிறது, இரண்டும் ஒரே கட்டணம்தான். ஆனால் பொலிகுதிரை சொந்தமாக இல்லாமல் பரம்பரை என்று எப்படிச் சொல்வது?

லாயக்காரர்:
பரம்பரை உங்கள் பெண்குதிரைகள் வழியாக நிற்கும். 36,000 என்பது 24 தடவை இணை சேர்க்கும் கட்டணம். வருடத்துக்கு மூன்று என்றால் எட்டு வருடம். அந்த எட்டு வருடமும் அவனுக்கு மாதம் 300 தீவனச் செலவு தனி. அதற்குள் உங்களுக்கே அவனைவிட நல்ல குட்டி பிறந்திருக்கும்.

குளம்பொலி:
இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சொந்தப் பொலிகுதிரையை மற்றவர்களுக்கும் வாடகைக்கு விடலாமே? மாதம் ஒருவர் வந்தாலே 1,500 வரவு. தீவனம் போக 1,200 மிஞ்சும்.

லாயக்காரர்:
ஆள் வந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இணை சேர்க்கத் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் குதிரையின் குட்டிகள் எப்படி ஓடுகின்றன என்பதை. இவர் வாங்கப்போகும் குதிரைக்கு இதுவரை எத்தனை குட்டி?

வெண்பிடரி:
ஒன்றுகூட இல்லை. போட்டி ரெக்கார்டு மட்டும்தான்.

குளம்பொலி:
அப்படியானால் முதல் வருடம் வாடகை வரவை எதிர்பார்க்க முடியாது. லாயக்காரர் சொல்வதே நல்லது.

நிறப்பித்து:
செலவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், நிறத்தை நான் பார்க்கிறேன். பாலோமினோவோடு பாலோமினோ சேர்ப்பதுதான் இந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிய உறுத்தல்.

பாலோமினோ என்பது செம்பழுப்பு நிறக் குதிரையில், அதாவது செஸ்ட்நட்டில், நிறத்தை வெளிற வைக்கும் கிரீம் ஜீன் ஒரே ஒன்று சேர்ந்தது. இரண்டு கிரீம் சேர்ந்தால் கிரெமெல்லோ: வெளிறிய உடம்பு, நீலக் கண். இரண்டு பாலோமினோவை இணை சேர்த்தால் குட்டி பாலோமினோவாக இருக்க 50 சதவீதம், செஸ்ட்நட்டாக 25, கிரெமெல்லோவாக 25. மூன்று குட்டியில் ஒன்றுகூடப் பாலோமினோ இல்லாமல் போக எட்டில் ஒரு வாய்ப்பு. பெண்குதிரையை இரண்டாகக் குறைத்தால் அது நான்கில் ஒன்று. பதினோரு மாதம் காத்திருந்து, கையில் இருப்பதை எல்லாம் போட்டுவிட்டு இந்த ஆபத்தை எடுக்க வேண்டாம்.

இதற்குப் பதிலாகச் செஸ்ட்நட் பெண்குதிரைகளை வாங்கிக் கிரெமெல்லோவோடு சேருங்கள். கிரெமெல்லோ ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு கிரீம் கட்டாயம் தரும், செஸ்ட்நட்டிடம் கிரீமே கிடையாது. அதனால் பிறப்பது எல்லாம் பாலோமினோ, நூற்றுக்கு நூறு. செஸ்ட்நட் சாதாரண நிறம் என்பதால் அதே திறனுள்ள பெண்குதிரை மலிவாகவும் கிடைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். நீலக் கண்ணோடு வெளிறி இருப்பது எல்லாம் கிரெமெல்லோ ஆகாது. பெர்லினோவும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். அது பே நிறத்தின் மேல், அதாவது பழுப்பு உடம்பும் கருப்புப் பிடரியும் உள்ள நிறத்தின் மேல், இரண்டு கிரீம் சேர்ந்தது. பெர்லினோவைச் செஸ்ட்நட்டோடு சேர்த்தால் பொன்னிற உடம்பும் கருப்புப் பிடரியும் உள்ள பக்ஸ்கின் பிறக்கலாம். விளம்பரத்தில் உள்ள படத்தை நம்பாமல் ஜீன் டெஸ்ட் முடிவைக் கேளுங்கள். உடம்பில் கருப்பு நிறம் வருமா என்பதைத் தீர்மானிக்கும் எக்ஸ்டென்ஷன் ஜீனுக்கு நேரே இரண்டும் சிறிய e எழுத்தாக (ee) இருந்தால்தான் அது உண்மையான கிரெமெல்லோ. முடிவைக் காட்ட மறுக்கிறவரிடம் போகவே வேண்டாம்.

வெண்பிடரி:
இது தெரியாமல் எவ்வளவு செலவழிக்க இருந்தேன்! மிக்க நன்றி. ஏலத்தில் நல்ல செஸ்ட்நட் பெண்குதிரைகள் 5,000க்கு இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு நெற்றி முதல் மூக்கு வரை அகலமான வெள்ளை. அழகாக இருக்கிறாள். வாங்கலாமா?

நிறப்பித்து:
வாங்கலாம், முதலில் ஃபிரேம் ஜீன் டெஸ்ட் செய்துவிட்டு. ஃபிரேம் உள்ள குதிரைக்கு உடம்பில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும், ஆனால் சிலவற்றில் முகத்து வெள்ளையைத் தவிர ஒன்றுமே தெரியாது. தாய் தகப்பன் இருவரிடமும் அந்த ஜீன் இருந்தால் நான்கில் ஒரு குட்டி வெள்ளையாகப் பிறந்து, குடல் இயங்காமல் சில நாளில் இறந்துவிடும். நிஜக் குதிரைகளிலும் இது அப்படியேதான். ஒருவரிடம் மட்டும் இருந்தால் குட்டிக்கு ஆபத்து இல்லை. அதனால் டெஸ்டில் அவளுக்கு ஃபிரேம் வந்தாலும் ஒதுக்க வேண்டியதில்லை, ஃபிரேம் இல்லாத பொலிகுதிரையோடு சேர்த்தால் போதும்.

லாயக்காரர்:
சரி, புதுக் கணக்கு. பெண்குதிரை மூன்று 15,000. ஜீன் டெஸ்ட் தலா 400 என்றால் 1,200. இணை சேர்க்க 4,500. சினை 11 மாதமும் பால் மறக்க 6 மாதமும் சேர்த்து 17 மாதம். மாதம் 900 செலவில் போனஸ் 500 போக 400 துண்டு விழும், ஆக 6,800. மூன்று குட்டிக்கு ஆறு மாதத் தீவனம் 2,700. மொத்தம் 30,200. பாதிப் பணம் கையிலேயே இருக்கிறது. ஆறு கொட்டடியும் சரியாக நிரம்புகிறது.

புரவித்தாய்:
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். அந்தப் பாதிப் பணத்தைச் சும்மா வைக்காதீர்கள். ஒரு குட்டியை வளர்த்து எடுக்க என்ன ஆகிறது என்று யாரும் போட்டுப் பார்க்கவில்லையே. ஈன்ற உடனே அடுத்த மாதம் மறுபடி இணை சேர்த்தாலும் ஒரு குட்டிக்குத் தாயின் 12 மாதச் செலவு 3,600. இணை சேர்க்க 1,500. குட்டியின் தீவனம் 900. மொத்தம் 6,000. வெண்பிடரி, 5,000 தாயின் பாலோமினோ குட்டி என்ன விலைக்குப் போகிறது?

வெண்பிடரி:
ஏறக்குறைய 6,000.

புரவித்தாய்:
அப்போது லாபம் பூஜ்யம். வருடக்கணக்கில் உழைத்து அதே இடத்தில் நிற்பீர்கள். சுமாரான குட்டியும் நல்ல குட்டியும் தின்பது ஒரே அளவு தீவனம்தான். குட்டியின் தாண்டும் திறனில் பாதி தாயிடமிருந்து வருகிறது, அதனால் தாயில்தான் பணம் போட வேண்டும். 9,000 அளவில் பாருங்கள். நிறத்தைப் பார்க்கவே வேண்டாம், அது கிரெமெல்லோவின் பொறுப்பு. தாண்டும் திறனையும் வயதையும் மட்டும் பாருங்கள், இளையவளாக இருந்தால் பல வருடம் ஈனுவாள்.

இன்னொன்று, மூவரையும் ஒரே பொலிகுதிரையோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் எல்லாக் குட்டியும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை. பிறகு அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் உள்ளினப்பெருக்கம், அதாவது நெருங்கிய உறவில் இணை சேர்வதன் அளவு, 12.5 சதவீதம் வரும். இரண்டு கிரெமெல்லோவை எடுங்கள், செலவு அதேதான்.

குளம்பொலி:
சொந்தப் பொலிகுதிரை ஆசையும் இதில் நிறைவேறும். வேறு வேறு தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பாலோமினோக்களைச் சேர்த்தால் நான்கில் ஒரு வாய்ப்பில் கிரெமெல்லோ பிறக்கும். அது ஆணாக இருந்தால் உங்களிடமே பிறந்த பொலிகுதிரை.

வெண்பிடரி:
உட்கார்ந்து மறுபடி போட்டேன். 9,000 பெண்குதிரை மூன்று 27,000. டெஸ்ட் 1,200. இணை சேர்க்க 4,500. பன்னிரண்டாம் மாதம் மறுபடி 4,500. பதினேழு மாதத் துண்டு 6,800. குட்டித் தீவனம் 2,700. மொத்தம் 46,700, கையிருப்பு 13,300. இந்தத் தரத்துத் தாயின் குட்டிகள் ஏலத்தில் 9,000க்குக் குறையாமல் போகின்றன. பெண்குட்டி பிறந்தால் சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை விற்பேன். சரியா?

புரவித்தாய்:
சரி. அந்த 13,300ஐ நோய்க்கும் காயத்துக்கும் ஒதுக்கி வையுங்கள், புதுக் குதிரை வாங்கத் தொடாதீர்கள். பெண்குட்டியை வைத்துக்கொண்டால் இரண்டாம் வருடக் குட்டிகள் பிறக்கும்போது ஏழாவது கொட்டடி தேவைப்படும், அதன் விலையையும் பார்த்து இதிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள்.

வெண்பிடரி:
கொட்டடி 3,000. எடுத்து வைத்துவிட்டேன். கிரெமெல்லோ உரிமையாளர்கள் இருவரிடமும் டெஸ்ட் முடிவு கேட்டிருக்கிறேன், ஒருவர் அனுப்பிவிட்டார், ஃபிரேம் இல்லை. எல்லோருக்கும் நன்றி.