மெல்ல வாசித்தால் ஃப்ளூட்டும் கிளாரினெட்டும் சுருதி பிரிகின்றன, உதவுங்கள்

வணக்கம். மதுரை அரசரடியில் பயிற்சி செய்யும் எங்கள் காற்றுக்கருவிக் குழுவுக்கு 9 நிமிடப் படைப்பு ஒன்று எழுதியிருக்கிறேன். முதலில் மீனாட்சி கல்யாணக் கொண்டாட்டம். பிறகு, தங்கை கல்யாணத்துக்கு நேரத்துக்கு வந்துசேர முடியாத அழகரின் வருத்தம். கொண்டாட்டம் நன்றாக வருகிறது. சிக்கல் வருத்தத்தில்தான்.

அங்கே 3 ஃப்ளூட்டும் 4 பி ஃப்ளாட் கிளாரினெட்டும் ஒரே ஸ்தாயியில், மிக மெல்ல, ஒரே மெட்டை வாசிக்கின்றன. ஊதலைக் குறைத்ததும் ஃப்ளூட் சுருதி இறங்குகிறது, கிளாரினெட் ஏறுகிறது. டியூனரில் ஏறக்குறைய 30 சென்ட் இடைவெளி (100 சென்ட் என்பது அரைச் சுரம்). ஒலி அலையலையாய் அடிக்கிறது. கிளாரினெட்டின் தொண்டைச் சுரங்களில், அதாவது இசைத்தாளில் எழுதும் ஜி முதல் பி ஃப்ளாட் வரை, ரொம்ப மோசம்.

கிளாரினெட் பேரலை, அதாவது ஊதுவாய்க்கு அடுத்துள்ள குட்டைக் குழலை, கொஞ்சம் வெளியே இழுத்தோம். மெல்லிய பகுதி தேறியது, கல்யாணப் பகுதி சுருதி இறங்கிவிட்டது. தொண்டைச் சுரங்களுக்கு வலது கைத் துளைகளையும் மூடி வாசித்ததில் ஓரளவு பலன். ஃப்ளூட்டின் தலைப்பகுதிக்குள் இருக்கும் தக்கை சரியான இடத்தில்தான் இருக்கிறது. வெயிலில் எல்லாக் கருவியும் ஏறுமே என்று பயிற்சியைக் காலைக்கு மாற்றியும் இடைவெளி குறையவில்லை.

ஃப்ளூட்டை ஒரு ஸ்தாயி மேலே எழுதிவிடு என்கிறார்கள். இரண்டும் கலந்து வரும் அந்த நிறத்தில்தான் அழகரின் வருத்தமே இருக்கிறது; விட மனம் வரவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு முன் அரங்கேற்றம்.

இந்த இரண்டையும் ஒரே ஸ்தாயியில் மெல்ல வாசிக்கவைத்துச் சுருதி சேர்த்தவர்கள், பயிற்சியில் எதை மாற்றினீர்கள்?