சைல்டு ப்ராசஸின் உச்ச மெமரி: வெயிட்4 போதுமா, /ப்ராக் வேணுமா?

கருந்திரை:
லினக்ஸ்ல ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், 100 சி ப்ரோகிராம்களை வரிசையா ஓட்டுது. ஒவ்வொண்ணும் தின்ன மெமரி தெரியணும். ஒவ்வொண்ணு முடிஞ்சதும் கெட்ஆர்யூசேஜை (ப்ராசஸ் தின்ன சிபியு, மெமரி கணக்கை ஓஎஸ்கிட்ட கேக்கற சிஸ்டம் கால்) சில்ட்ரன் ஆப்ஷனோட, அதாவது ஸ்கிரிப்ட் கிளப்பின சைல்டு ப்ராசஸ்களுக்காக, கூப்பிட்டேன். மூணாவதுக்கு அப்புறம் எல்லாத்துக்கும் ஒரே எண். இந்த சிஸ்டம் காலை நம்பறதுக்கு, /ப்ராக்கை (ஓடற ப்ராசஸ்களோட நிலவரத்தை லினக்ஸ் ஃபைல்களா காட்டற இடம்) 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தரம் படிக்கிறதே மேல்.

வால்நட்சத்திரம்:
சிஸ்டம் கால் மேல தப்பில்ல, கேட்ட விதம் தப்பு. சில்ட்ரன் கணக்குல சிபியு நேரம்தான் கூட்டுத்தொகை. மேக்ஸ்ஆர்எஸ்எஸ் (ரேம்ல பிடிச்ச இடத்தோட உச்சம்), இதுவரை வெயிட் பண்ணி முடிச்ச சைல்டுகள்ல பெரியது எதுவோ அது. மூணாவது 800 எம்பி தொட்டிருந்தா, அதைவிடப் பெரிசா ஒண்ணு வர்ற வரைக்கும் 800தான். சைல்டு முடியற வரை காத்திருந்து கணக்கை வாங்கற ஓஎஸ்.வெயிட்4 கூப்பிடுங்க, அந்த ஒரு பிஐடியோட (ப்ராசஸ் எண்) கணக்கு தனியா வரும். அப்பப்போ போய்ப் படிக்கிற போலிங் வேண்டவே வேண்டாம். 30 மில்லிசெகண்ட்ல 500 எம்பி எடுத்து முடிஞ்சு போற ப்ரோகிராம் உங்க கண்ணுலயே படாது.

கருந்திரை:
வெயிட்4-ம் பொய் சொல்லும், பாருங்க. பைத்தான்ல 1 ஜிபி பிடிச்சு வச்சுட்டு, ஃபோர்க் பண்ணி (ப்ராசஸை நகலெடுத்து) அதுல /பின்/ட்ரூவை எக்செக் பண்ணுங்க (நகலோட இடத்துல ட்ரூவை ஏத்துங்க). ஒண்ணுமே செய்யாத ட்ரூ, 1 ஜிபிக்கு மேல தின்னதா வரும். (வெறும் பைட்ஸ்(2**30) போட்டா ஏமாந்துடுவீங்க. அது கேலக்ல (பூஜ்யமான மெமரி கேக்கற சி ஃபங்ஷன்) வர்றதால மெமரி பக்கங்களைத் தொடாது, ஆர்எஸ்எஸ் (ரேம்ல நிஜமா பிடிச்ச அளவு) ஏறாது. ஒரு எழுத்து பைட்ஸை 2**30-ஆல பெருக்குங்க.) /ப்ராக்ல ஸ்டேட்டஸ் ஃபைல்ல இருக்கிற விஎம்எச்டபிள்யூஎம் (உச்ச ஆர்எஸ்எஸ்) எக்செக்குக்கு அப்புறம் புதுசா ஆரம்பிக்கும். அதுவும் கர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) வச்சிருக்கிற உச்சம்தான், படிக்கிற இடைவெளியில தவறாது.

வால்நட்சத்திரம்:
கடைசியா படிச்சதுக்கும் சாவுக்கும் நடுவுல ஏறினது தவறுமே. செத்து ஜாம்பி (முடிஞ்சும் யாரும் வெயிட் பண்ணாத ப்ராசஸ்) ஆனதும் ஸ்டேட்டஸ்ல விஎம் வரிகளே இருக்காது.

உங்க 1 ஜிபி சோதனை சரிதான். எக்செக் தாண்டியும் கணக்கு தொடரும்னு மேன் பக்கத்துலயே (லினக்ஸ் கையேடு) இருக்கு. அதுக்கு மருந்து, நடுவுல ஒரு சின்ன சி லாஞ்சர். பைத்தான் லாஞ்சரை ஓட்டும். லாஞ்சர் ஃபோர்க் பண்ணி, எக்செக் பண்ணி, வெயிட்4 எண்களை பைத்தானுக்குப் போற பைப்ல எழுதும். லாஞ்சரோட சொந்தக் கணக்குல அந்த 1 ஜிபி ஒட்டியிருந்தாலும், அது பெத்த சைல்டுக்கு மேக்ஸ்ஆர்எஸ்எஸ் பூஜ்யத்துல தொடங்கும். எக்செக்குக்கு முன்னாடி அது சுமக்கறது லாஞ்சரோட குட்டி மெமரி மட்டும்தான். /யூஎஸ்ஆர்/பின்/டைம் -வி செய்யறதும் இதேதான். பாஷ்ல வெறும் டைம்னு அடிச்சா ஷெல்லோட சொந்த டைம் வரும், அதுல மெமரி கிடையாது.

எண் கிலோபைட்ல வரும். இதே ப்ரோகிராம் மேக்ல பைட்ல தரும், 1024 மடங்கு பிசகும்.

முட்டுக்கட்டை:
சோதிக்கிற ப்ரோகிராமே நாலு ப்ராசஸைக் கிளப்பி, ஆளுக்கு 200 எம்பி எடுத்தா? வெயிட்4 200னுதான் சொல்லும், 800னு சொல்லாது. யாரும் வெயிட் பண்ணாம விட்ட பேரப்பிள்ளைகளோட சிபியு நேரமும் கணக்குல வராது. ப்ராசஸ்களை ஒரு குழுவா சேர்த்துக் கணக்கு வைக்கிற சிகுரூப் 2-ல போடுங்க. கர்னல் 5.19-லேர்ந்து மெமரி.பீக் இருக்கு, சிபியு.ஸ்டாட்ல மைக்ரோசெகண்ட் கணக்கு இருக்கு.

வால்நட்சத்திரம்:
மெமரி.பீக்ல பேஜ் கேஷும் (படிச்ச ஃபைல்களை கர்னல் ரேம்ல வச்சிருக்கிற நகல்) சேரும். 2 ஜிபி ஃபைலைச் சும்மா படிக்கிற ப்ரோகிராம் 2 ஜிபி தின்ன மாதிரி தெரியும். ஒத்தை ப்ராசஸ்னா வெயிட்4-ஐ விட்டு நகர மாட்டேன்.

கருந்திரை:
லாஞ்சர் சரி, ஒத்துக்கறேன். ஆனா முடியாமலே சுத்திட்டிருக்கிற ப்ரோகிராமுக்கு வெயிட்4 பதிலே சொல்லாது. அதோட சிபியு நேரத்தை /ப்ராக்ல இருக்கிற ஸ்டாட் ஃபைல்ல 14, 15-வது இடத்துல படிச்சுத்தான் கொல்லணும்.

முட்டுக்கட்டை:
அங்க இடைவெளியை வச்சுப் பிரிச்சு எண்ணாதீங்க. ப்ரோகிராம் பேர்லயே இடைவெளியும் அடைப்புக்குறியும் வரலாம். கடைசி மூடு அடைப்புக்குறியைத் தேடி, அதுக்கப்புறம் வர்றதை 3-வதுன்னு எண்ணுங்க. அளவும் டிக்லதான் (கர்னல் நேரத்தை எண்ணற துண்டு), வழக்கமா நொடிக்கு 100.