பேஸ்மென்ட் சுவருக்கு வெப்பக்காப்பு: பாலித்தீன் தாள் தேவையா?

தச்சன்: குளிர்காலத்தில் பேஸ்மென்ட், அதாவது வீட்டுக்கு அடியில் மண்ணுக்குள் இருக்கும் அறை, சில்லிட்டுப் போகிறது. கான்கிரீட்டை ஒட்டி மரச்சட்டம் அடித்து, இடையில் கண்ணாடி இழைப் பஞ்சு, மேலே பாலித்தீன் தாள், அப்புறம் ஜிப்சம் பலகை. இதுதான் திட்டம். குறை இருந்தால் சொல்லுங்கள்.

சுவர்க்கோழி: குறையே அந்தப் பஞ்சுதான். வெப்பத்தைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. அறையின் ஈரக்காற்று இடுக்கு வழியாகப் போய்க் குளிர்ந்த கான்கிரீட்டைத் தொட்டதும் சுவர் வியர்க்கும். பிறகு பலகையைக் கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் கறுப்பாகப் பூஞ்சணம்.

தச்சன்: அதற்குத்தானே பாலித்தீன்?

சுவர்க்கோழி: தாளில் ஓட்டையே விழாவிட்டால் சரி. ஸ்விட்ச் பெட்டிக்கு வெட்டியதுமே கதை முடிந்தது! தவிர, கான்கிரீட் மண்ணிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். மண்ணுக்குள் புதைந்த சுவர் அறைப்பக்கமாகத்தான் உலர முடியும். அதையும் தாள் போட்டு அடைத்தால் சட்டம் மக்கும். 2 அங்குல ஃபோம் பலகையைக் கான்கிரீட்டோடு ஒட்டி, இணைப்புகளுக்கு டேப் போடுங்கள். சட்டம் அதற்கு முன்னால் வரட்டும். தெர்மோகோல் வகைப் பலகை என்றால் சுவரின் ஈரத்தைக் கொஞ்சம் ஆவியாக அறைப்பக்கம் விடும்.

மழைக்குருவி: இரண்டு பேரும் சுவரின் தப்பான பக்கத்தில் நின்று சண்டை போடுகிறீர்கள். ஓதம் வெளியிலிருந்து வந்தால் எந்தப் பலகையும் அதை மறைக்கத்தான் செய்யும். வெளியே தோண்டி, நீர்க்காப்புப் பூசி, பலகையையும் அங்கேயே ஒட்டுவதுதான் முறை.

சுவர்க்கோழி: புது வீட்டுக்குச் சரி. குடியிருக்கும் வீட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டச் சொல்வது லேசான காரியமா?

மழைக்குருவி: தோண்ட வேண்டாம், சோதிக்கவாவது செய்யலாமே? ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர்த்துளி என்றால் சுவர் வழியே ஈரம் வருகிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக்காற்றின் ஈரம். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சோதனையே வேண்டாம்.

தச்சன்: உப்பு ஒரு மூலையில் இருக்கிறது. சரி, ஃபோம் எரியுமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சுவர்க்கோழி: எரியும். அதனால்தான் ஜிப்சம் பலகை கட்டாயம். அதுவும் தரையில் முட்டாமல் அரை அங்குலம் தூக்கி அடியுங்கள், இல்லையென்றால் அடியிலிருந்து ஈரம் ஏறும்.

மழைக்குருவி: மூலையில் உப்பா? மழை பெய்யும்போது வெளியே போய், கூரைத் தண்ணீர் அந்த மூலையில் கொட்டுகிறதா என்று பாருங்கள். குழாயை நீட்டிவிடுங்கள். சுவரிலிருந்து 10 அடிக்குள் தரை 6 அங்குலமாவது சரிய வேண்டும். அது முடியும் வரை பலகை வாங்காதீர்கள்.