கூடையின் பாரம் எங்கே இருக்கிறது

குழு: கொட்டகலை வீடு

வியாழக்கிழமை

பாப்பா, மாலை 6:48
நேற்று மாலை பேராதனை வளாகத்தில், மகாவலிக் கரையில் நாங்கள் வழமையாகக் கூடும் மரத்தடியில் என் கவிதையை வாசிக்க எழுந்தேன். நான்காவது வரியில் போனின் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்துவிட்டது. நானே எழுதிய கவிதையின் ஐந்தாவது வரி எனக்கு நினைவுக்கு வரவில்லை. பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா, மாலை 6:55
பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது? முடிந்த பிறகு விடுதிக்கு யாருடன் திரும்பிப் போகிறாய்?

பாப்பா, மாலை 6:57
இருட்டுவதற்குள் முடிந்துவிடும், அப்பா. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்துதான் கலஹா வீதி வழியாக நடந்து வருகிறோம்.

சித்தி, மாலை 7:04
தமிழ்ச் சங்கத்து விழாவில் மேடையேறி வாசித்தால் நாங்களும் வந்து பார்த்திருப்போமே. மரத்தடியில் வாசிப்பதற்கு யார் ஏற்பாடு, யார் தலைவர்?

பாப்பா, மாலை 7:11
தலைவர் என்று எவரும் இல்லை, சித்தி. பெயரும் வைக்கவில்லை. விருப்பமானவர் எழுந்து வாசிப்பார். அவர் வாசித்து முடித்ததும் எவரும் பேசக்கூடாது. அதே கவிதையை இரண்டாவது முறையும் வாசிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கருத்துச் சொல்லலாம் என்பது மட்டுமே எங்களுடைய ஒரே விதி. சிங்கள நண்பர்கள் மூன்று பேர் வருகிறார்கள். அவர்களுக்காக யாராவது ஒருவர் சாரத்தைச் சிங்களத்தில் சொல்வார், அவர்கள் வாசிக்கும்போது எங்களுக்குத் தமிழில் சொல்வார்கள்.

பெரியமாமா, இரவு 7:40
பாப்பா, முழு வாக்கியத்தில் எழுதியதற்கு முதலில் என் பாராட்டு. இந்தக் குழுவில் என் சட்டத்தை மதிக்கும் ஒரே ஆள் நீதான். இரண்டு முறை வாசிக்கும் விதி நல்ல விதி. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே படித்தபோது எங்களுக்கு அது தோன்றவில்லை. நாங்கள் கவியரங்கம் என்றால் மேடை, தலைமைக் கவிஞர், அவருக்கு ஒரு வணக்கப்பா, சபைக்கு ஒரு வணக்கப்பா, பிறகுதான் பொருள் என்று பழகியவர்கள். பல சமயம் வணக்கம் முடிவதற்குள் பொருளுக்கு நேரம் இருக்காது. ஆனாலும் கவியரங்கத்தை நான் இளக்காரமாகச் சொல்லமாட்டேன். ஈழத்துக் கவிஞர்களான மஹாகவியும் முருகையனும் யாப்பை விடாமலே, வீட்டில் கதைக்கும் ஓசையைக் கவிதைக்குள் கொண்டுவந்து காட்டியவர்கள். காதால் கேட்டவுடன் புரிய வேண்டும் என்ற கட்டாயம் அந்தக் காலத்துக் கவிதைக்கு இருந்தது.

பெரியமாமா, இரவு 7:52
உன் போன் அணைந்ததைவிட உன் கவிதை உனக்கே மனப்பாடமாகாததுதான் என்னை யோசிக்க வைக்கிறது. அது கண்ணுக்காக எழுதப்பட்டிருக்கிறது. எதுகையும் மோனையும் அலங்காரம் என்று உங்கள் வயதில் நினைப்பார்கள். உண்மையில் அவை நினைவில் அடித்து வைக்கும் ஆணிகள். அந்தக் கவிதையை இங்கே போடு, பார்ப்போம்.

பாப்பா, இரவு 8:03
முதல் வரிகள் மட்டும்:
மலை இறங்கும் பனியைத்
தோளில் சுமந்த கூடை
பச்சையத்தின் மௌனத்தில்
நனைகிறது காலம்

அம்மா, இரவு 8:20
அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன். “கூடையை எவள் தோளில் சுமந்தாள்? கயிறு உச்சந்தலையில் இருக்கும், கூடை முதுகில் தொங்கும். கயிறு அறுக்காமல் இருக்க அதற்குக் கீழே துணியை மடித்து வைப்போம். பாரம் முழுக்கக் கழுத்துக்குத்தான் போகும். இவள் தாயும் நானும் நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த வீட்டில் பிறந்துவிட்டு இவள் தோள் என்று எழுதுகிறாளே.” நாற்பது வருஷம் எடுத்தது அவர் மட்டும்தான், நான் எட்டு வருஷத்தோடு நின்றுவிட்டேன்.

பாப்பா, இரவு 8:24
மாமா ஒன்றும் எழுதிவிடாதீர்கள். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சித்தி, இரவு 8:26
பச்சையத்தின் மௌனம் என்றால் என்ன என்று அம்மாயி கேட்கவில்லையா?

அம்மா, இரவு 8:31
கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இடுப்பில் கட்டும் படங்குத் துணியைப் பற்றி ஏன் ஒரு சொல்லும் இல்லை என்று இப்போது கேட்கிறார். பனிக்காலத்தில் தேயிலைச் செடியில் உரசி உரசி முதலில் நனைவது படங்குதானாம். காலம் அதற்குப் பிறகுதான் நனையுமாம்.

பெரியமாமா, இரவு 8:50
இதற்கு மேல் நான் விமர்சனம் எழுத வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, பேராதனை மாணவர்களை ஆடவைத்து மேடைக்குக் கொண்டுவந்தார். படித்தவர்கள் நாட்டுக்கூத்தைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். நம்முடைய தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானவர். அவர் எழுதிய கவிதை ஆங்கிலத்தில் இருந்தது, பாடல்களோ தோட்டத்து லயன் வீடுகளின் தமிழில் இருந்தன. எதை எங்கே வைத்துச் சொல்வது என்ற சிக்கல் உனக்கு மட்டும் வந்ததல்ல. நீ அம்மாயியிடம் ஒரு பாட்டு வாங்கிக்கொண்டு போ; அடுத்த முறை அதை வாசி.

அப்பா, இரவு 9:05
பாட்டு என்றால் என் சிறு வயதில் மாசி மாதத்துக் காமன் கூத்தில் நான் கேட்டதற்கு இணை கிடையாது. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. தப்பு மேளம் அடிக்க அடிக்க இரண்டு பக்கமும் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டிப் பதில் சொல்வார்கள். எவர் கையிலும் காகிதம் இருந்ததில்லை. என் தகப்பனார் எரியாத கட்சி.

சித்தி, இரவு 9:07
பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று சொன்னவர் இவர்தானா?

அப்பா, இரவு 9:08
அதுவும் உண்மைதான்.

வெள்ளிக்கிழமை

அம்மா, காலை 5:40
அம்மாயி தூங்காமல் யோசித்துவிட்டு இப்போது சொன்னார். முன்பு மலையில் ஒருத்தி ஒரு வரி பாட, பக்கத்து நிரையிலிருப்பவள் அடுத்த வரியைக் கட்டுவாளாம். கங்காணி தூரத்தில் வந்தால் நிறுத்திவிடுவார்களாம். அப்படிக் கட்டியதில் நினைவில் இருப்பது இவ்வளவுதானாம்:
கல்லாறு தாண்டி வந்தேன் கம்பளியும் வாங்கி வந்தேன்
சொல்லாத கடனெல்லாம் சுமையாகச் சேர்ந்ததடி
முதல் வரி தன்னுடையது, இரண்டாவது வரி இறந்துபோன தன் தோழியுடையது என்பதைக் கட்டாயம் சொல்லச் சொன்னார். கம்பளியைக் கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்களாம். அதுதான் சொல்லாத கடன்.

பாப்பா, காலை 6:15
இதைக் கேட்ட பிறகு என் நான்கு வரியையும் அழித்துவிட்டேன். புதிதாக எழுதியதில் படங்கு வந்திருக்கிறது, கயிறு தலைக்கு ஏறியிருக்கிறது. பச்சையம் போய்விட்டது. இந்த இரண்டு வரியையும் முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பக்கத்து நிரையிலிருந்து நான் பதில் சொல்வது போல எழுதப் பார்க்கிறேன். அம்மாயி சம்மதிப்பாரா?

அம்மா, காலை 6:22
தோழியின் பெயரைச் சொல்லாமல் “என் அம்மாயியின் தோழி” என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறார்.

பெரியமாமா, காலை 7:30
மூச்சு விடும் இடத்தில் வரியை முறி. போனில் அழகாகத் தெரியும் இடத்தில் முறிக்காதே. திறந்தவெளி அரங்கில் நாடகம் பார்க்க வரும் பேராதனை மாணவர்கள் பிடிக்காவிட்டால் ஊளையிடுவார்கள். மரத்தடியில் இருப்பவர்கள் மரியாதைக்காக மௌனமாக இருந்துவிடுவார்கள். ஆகவே உன் காதைத்தான் நீ நம்ப வேண்டும். விடுதி அறையில் சுவரைப் பார்த்து நான்கு முறை சொல்லிப் பார்.

அடுத்த புதன்கிழமை

பாப்பா, இரவு 7:35
இன்று போனை எடுக்காமலே எழுந்தேன். அம்மாயியின் பாட்டை இரண்டு முறை சொன்னேன், பிறகு என்னுடையதைத் தொடங்கினேன். ஆறாவது வரியில் மறுபடியும் தடுமாறிவிட்டேன். அப்போது முன்னால் உட்கார்ந்திருந்த காலி நகரப் பக்கத்துச் சிங்கள நண்பன், தமிழ் தெரியாதவன், “சேர்ந்ததடி, சேர்ந்ததடி” என்று ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு சொன்னான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த இடைவெளியில் எனக்கு அடுத்த வரி வந்துவிட்டது. முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. இரண்டாவது முறை வாசி என்றார்கள்.

அப்பா, இரவு 7:38
விடுதிக்கு வந்துவிட்டாயா?

பாப்பா, இரவு 7:39
வந்துவிட்டேன், அப்பா. மழை பிடித்துக்கொண்டதால் ஓடி வந்தோம். அட்டைப்பூச்சி ஒன்று மட்டும் கூடவே வந்துவிட்டது.

அம்மா, இரவு 7:50
அந்தச் சிங்களப் பையனுக்குக் கம்பளி என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினாயா என்று அம்மாயி கேட்கிறார்.

பாப்பா, இரவு 7:54
அந்தச் சொல்லை மட்டும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, அம்மாயி. சிங்களத்திலும் அதற்குக் கம்பிளிய என்றுதான் பெயர். பாட்டில் முதலில் தனக்குப் புரிந்த சொல் அதுதான் என்று அவனே சொன்னான். படங்குக்குத்தான் என்னால் சொல் தேட முடியவில்லை. கடைசியில் எழுந்து நின்று இடுப்பில் சால்வையைக் கட்டிக் காட்டினேன்.

அம்மா, இரவு 8:02
எப்படிக் கட்டினாய் என்று படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். முடிச்சு எந்தப் பக்கம் வந்தது என்று பார்க்க வேண்டுமாம்.