மாலை 6 முதல் 10 வரை ஃப்ரிட்ஜை அணைத்தால் பில் பாதியாகுமாம்!

வெயிலூரான்:
எங்கள் வேலூர் சத்துவாச்சாரி தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் அருளியிருக்கிறார்: ‘தினமும் மாலை 6 முதல் 10 வரை ஃப்ரிட்ஜை அணைத்து வையுங்கள், கரண்ட் பில் பாதியாகும்.’ கீழே வரிசையாகக் கும்பிடு. கத்திரி வெயிலில், ராத்திரி எட்டு மணிக்கும் சுவர் அனலடிக்கிற ஊரில் நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜை அணைப்பதாம். திரிந்த பாலை யார் குடிப்பது, அவரா?

கோட்டை அகழி:
போட்டது நான்தான். ஒரே தெருவில் இருந்துகொண்டு இங்கே வந்து புறம் பேசுகிறீர்களே, நேரில் வந்து கேட்டால் காபி கொடுத்து விளக்கியிருப்பேன். சூரியன் சாய்ந்ததும் சோலார் மின்சாரம் நின்றுவிடும். அதே நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் லைட், ஃபேன், டிவி, ஏசி. ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக்காரரைக் கேளுங்கள், பெரிய ஆலைகளுக்கான உயர் அழுத்த இணைப்புக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறார்கள். சும்மாவா வாங்குவார்கள்?

வெயிலூரான்:
நீங்கள் தோல் பதனிடுகிறீர்களா சார்? நம் வீட்டு மீட்டருக்கு மணி பார்க்கத் தெரியாது. காலையில் ஓடினாலும் ராத்திரி ஓடினாலும் யூனிட் யூனிட்தான். கணக்கு போடுவோம். கம்ப்ரசர் 100 வாட், பாதி நேரம்தான் ஓடும். நாலு மணி நேரத்துக்கு 0.2 யூனிட். பத்து மணிக்குத் திரும்பப் போட்டதும், ஏறின சூட்டை இறக்க மூச்சு விடாமல் ஓடும். அந்த 0.2லும் பெரும்பங்கு போச்சு. பாதி பில் எங்கே?

காட்பாடிக்காரி:
ஃப்ரிட்ஜை விடுங்கள். எங்கள் தெருவில் ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் மோட்டார் போடுகிறார்கள். ஒரு எச்பி மோட்டார் என்றால் கிட்டத்தட்ட 750 வாட், ஏழெட்டு ஃப்ரிட்ஜுக்குச் சமம். அதை மதியம் இரண்டு மணிக்குப் போட்டால் என்ன? இஸ்திரிப் பெட்டி 1000 வாட், கீசர் 2000. அதையெல்லாம் பகலுக்குத் தள்ளினாலே போதும். ஏசியை 24-ல் வைத்து ஃபேனைச் சுற்றவிடுங்கள். 2020-லிருந்து வருகிற ஏசி ஆன் செய்ததும் 24-ல்தான் நிற்கிறது, நாம்தான் 18-க்கு இறக்குகிறோம்.

கோட்டை அகழி:
அம்மா சொல்வது சரி. ஆனால் ஃப்ரிட்ஜும் சேர்த்தி. எனக்குப் போன முறை 530 யூனிட், இந்த முறை 470. ஃப்ரிட்ஜை அணைத்ததுதான் காரணம். இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும் என்பது தம்பிக்குத் தெரியுமா?

வெயிலூரான்:
தெரியும். உங்கள் மகன் பெங்களூருக்குப் போய் ஒன்றரை மாதம் ஆகிறது, மாடி ஏசி மூடிக் கிடக்கிறது என்பதும் தெரியும். 60 யூனிட் குறைந்தது அதனால். ஃப்ரிட்ஜால் அல்ல, அல்ல, அல்ல.

கோட்டை அகழி:
என் வீட்டு ஏசியை எண்ணுவதுதான் உமக்கு வேலையா? போன வருஷம் என் வேப்பமரக் கிளை உங்கள் பக்கம் சாய்ந்ததிலிருந்தே இந்தக் காய்ச்சல்.

பாகாயம் பையன்:
ணா, ஒரு நிமிஷம். அவர் பேசுவது லோடு, அதாவது ஒரே நேரத்தில் எல்லோரும் இழுக்கிற மின்சாரம்; நீங்கள் பேசுவது யூனிட், மொத்தமாகச் செலவான மின்சாரம். இரண்டும் வேற வேற…

வெயிலூரான்:
தம்பி, பாடம் எடுக்காதே. அவர் எழுதினது ‘பில் பாதியாகும்’. பில்லில் லோடா வருகிறது? பாதி எங்கே என்று மட்டும் சொல்லச் சொல்.

முள்ளுக்கத்திரி:
2012 மின்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? சென்னைக்கு இரண்டு மணி நேரம் கட், நமக்கு 14 மணி நேரம். அப்போது எந்த ஃப்ரிட்ஜை அணைத்தோம்? அதுவே அணைந்துதான் கிடந்தது. மிச்சம் பிடிக்கிற புத்திமதி எல்லாம் மாவட்டத்துக்காரனுக்கு மட்டும்.

காட்பாடிக்காரி:
அப்போது நான் வாரத்துக்கு அரைத்த மாவு இரண்டாம் நாளே பொங்கி வழிந்தது. வேலூர்ப் பக்கமாவது பரவாயில்லை, காட்பாடியில் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே.

முள்ளுக்கத்திரி:
பரவாயில்லையா? யார் சொன்னது? தோட்டப்பாளையத்தில் மொட்டைமாடியில் படுத்தவனைக் கேளுங்கள். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காற்றாவது வரும்.

காட்பாடிக்காரி:
காற்றா! மலைப் பாறை மொத்தமும் காய்ந்து ராத்திரியில் எங்கள் மேல்தான் மூச்சு விடுகிறது.

வெயிலூரான்:
பேச்சை மாற்றாதீர்கள். 0.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 12. அதுவும் திரும்பப் போடும்போது ஓடுவதைக் கழிக்காமல். பாதி எங்கே?

கோட்டை அகழி:
எல்லோரும் அணைத்தால் தெரு டிரான்ஸ்பார்மருக்கு நல்லது. எட்டு மணிக்கு வோல்டேஜ் இறங்கி உங்கள் டியூப்லைட் கண் சிமிட்டுமே, அப்போது புரியும்.

வெயிலூரான்:
எங்கள் வீட்டில் டியூப்லைட்டே இல்லை. எல்லாம் எல்இடி. ஃபேன்கூட பிஎல்டிசி, மின்சாரம் குறைவாக இழுக்கிற மோட்டார், 30 வாட்தான். உங்கள் வீட்டில் இன்னும் 75 வாட் பழைய ஃபேன் நாலு, அது ஞாபகம் இருக்கட்டும். பாதி எங்கே என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை.

கோட்டை அகழி:
என் மாமனார் வாங்கித் தந்த ஃபேன் அது. 1986. இன்றுவரை ஒரு சத்தம் கிடையாது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பாகாயம் பையன்:
மாமா, அந்த ஃபேனை மாற்றினாலே நீங்கள் ஃப்ரிட்ஜை அணைக்க…

கோட்டை அகழி:
நீ எந்த வீட்டுப் பையன்?

வெயிலூரான்:
0.2.

முள்ளுக்கத்திரி:
ஃப்ரிட்ஜுக்கு நல்ல ஸ்டெபிலைசர் எது, யாராவது சொல்லுங்கள். கேட்டு மூன்று நாள் ஆகிறது.