மைல்ஸ்டோனில் 61 இஷ்யூ, ரிலீஸ் தள்ளிக்கொண்டே போகிறது: எதை எப்படிக் குறித்து வைப்பது?

நூல்கண்டு கேட்டது:

வணக்கம். தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு டெஸ்க்டாப் மென்பொருள். தொடர்ந்து கோட் எழுதுபவர்கள் 6 பேர், மொழிபெயர்ப்பவர்கள் பத்துக்கு மேல். கோட் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் 240 இஷ்யூ (பக் அல்லது வேலைப் பதிவு) திறந்து கிடக்கிறது. '2.4' மைல்ஸ்டோனில் (அந்தப் பதிப்புக்கென்று ஒதுக்கிய பட்டியலில்) மட்டும் 61. அதில் பாதிக்கு யார் யார் பெயரோ போட்டிருக்கிறது, ஆனால் மாதக்கணக்கில் அசைவே இல்லை. ரிலீஸ் தேதி இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது.

எந்த பக் ரிலீஸை நிறுத்த வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது? பெயர் போட்டுவிட்டு விட்டுப்போன வேலையை, அவர் மனம் நோகாமல் எப்படித் திரும்ப எடுப்பது? சேஞ்ச்லாக் (மாற்றங்களின் பட்டியல்), இன்ஸ்டாலர், அறிவிப்பு போன்ற ரிலீஸ் வேலைகளை இஷ்யூக்கள் இருக்கும் அதே டிராக்கரில் வைப்பதா, தனி விரிதாளா? நாளான இஷ்யூக்களைத் தானாக மூடும் ஸ்டேல் பாட் போட்டால் 240 குறையுமா?

கரைமேடு பதில்:

அந்த 61 ஆசைப் பட்டியல். ரிலீஸ் பட்டியல் வேறு. இரண்டும் ஒரே மைல்ஸ்டோனில் இருப்பதால்தான் தேதி நகர்கிறது.

முதலில் பிளாக்கர் (ரிலீஸை நிறுத்தும் பக்) விதியை ஒரு பக்கத்துக்குள் எழுதி, கோட் இருக்கும் ரெப்போவிலேயே வையுங்கள். டெபியன் லினக்ஸில் கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் என்ற மூன்று நிலைகள் மட்டும்தான் ரிலீஸைப் பாதிக்கும் வகை. அதற்கடுத்த 'இம்பார்ட்டன்ட்' கூட அந்தக் கணக்கில் வராது. ஃபெடோரா லினக்ஸ் தன் ரிலீஸ் விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, பிளாக்கர் என்று யாராவது முன்மொழிந்தால் எந்த விதியை அது மீறுகிறது என்று பார்க்கிறது. உங்கள் அளவுக்கு நான்கு விதி போதும்: பயனரின் கோப்பு அழிகிறது அல்லது கெடுகிறது, ஆதரிப்பதாகச் சொன்ன ஒரு தளத்தில் நிறுவவோ திறக்கவோ முடியவில்லை, பாதுகாப்பு ஓட்டை, 2.3-இல் சரியாக இருந்த ஓர் அடிப்படை வேலை (திறப்பது, சேமிப்பது, அச்சிடுவது) இப்போது உடைந்திருக்கிறது. விதியை எழுதி முடித்தபிறகே பக்குகளைத் திறந்து பாருங்கள். பக்கைப் பார்த்துவிட்டு விதி எழுதினால், அவரவர் பக்குக்குத் தகுந்தபடி விதி வளைந்துவிடும்.

'முன்னுரிமை' லேபிள்களை எடுத்துவிடுங்கள் என்பேன். சம்பளம் இல்லாத இடத்தில் 'ஹை' என்று ஒட்டினால் யாரும் அதை முதலில் எடுக்கப்போவதில்லை. பார்ப்பவருக்குக் குற்றவுணர்வுதான் மிஞ்சும். பயனருக்கு என்ன பாதிப்பு என்பதைச் சொல்லும் தீவிர நிலை ஒன்று போதும்.

விட்டுப்போன வேலைகளுக்கு: 'பெயர் போட்டு 14 நாள் அசைவில்லை என்றால் கேட்போம், மேலும் 7 நாளில் பதில் இல்லையென்றால் விடுவிப்போம்' என்று பங்களிப்பு வழிகாட்டியில் போட்டுவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்று தெரிந்தால் யாரும் தன்னைக் குறிவைத்ததாக நினைக்க மாட்டார்கள். கேட்கும் வாசகமும் முக்கியம்: "இதை இன்னும் பார்க்கிறீர்களா? நேரம் அமையவில்லை என்றால் பரவாயில்லை. செய்தவரைக்கும் டிராஃப்ட் புல் ரிக்வெஸ்டாகப் போட்டுவிட்டால் அடுத்தவர் அங்கிருந்து தொடர்வார். பிறகு நேரம் கிடைத்தால் நீங்களே மறுபடி எடுத்துக்கொள்ளலாம்." (புல் ரிக்வெஸ்ட் என்பது எழுதிய கோடைச் சேர்க்கக் கேட்பது, டிராஃப்ட் என்றால் அது இன்னும் முடியவில்லை.) பாதி வேலையை வெளியே காட்டக் கூச்சப்பட்டுத்தான் பலர் மௌனமாக இருக்கிறார்கள். அதற்கு வழிவிடுங்கள்.

ரிலீஸ் வேலைகள் அதே டிராக்கரில்தான். ஒரு ரிலீஸுக்கு ஓர் இஷ்யூ, உள்ளே டிக் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். அதை இஷ்யூ டெம்ப்ளேட்டாக வைத்தால் அடுத்த முறை மறக்காது. விரிதாள் கமிட்டோடு (கோட் மாற்றப் பதிவோடு) இணையாது, இரண்டே வாரத்தில் பழசாகிவிடும்.

படிக்கல் பதில்:

கரைமேடு சொன்னதோடு ஒன்று. பக் 'மூடியது' என்பதும் 'ரிலீஸில் இருக்கிறது' என்பதும் வேறு வேறு. புல் ரிக்வெஸ்ட் விளக்கத்தில் 'ஃபிக்ஸஸ்' போட்டு இஷ்யூ எண்ணைக் கொடுத்தால், டீஃபால்ட் பிராஞ்சில் (முதன்மைக் கிளையில், உங்களிடம் 'மெயின்') மெர்ஜ் ஆகும்போதுதான் கிட்ஹப் அதைத் தானாக மூடும். ஆகவே மெயினில் சேர்ந்ததும் இஷ்யூ மூடிக்கொள்ளும், ரிலீஸுக்கென்று பிரித்த 2.4 பிராஞ்சிலோ அந்தத் திருத்தம் இருக்காது. பிளாக்கர் எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டும், பயனருக்குப் போகும் பில்டில் பக் அப்படியே இருக்கும். ரிலீஸ் பிராஞ்சை நோக்கி நேராகப் போட்டால் தலைகீழ்: திருத்தம் உள்ளே இருக்கும், இஷ்யூ திறந்தே கிடக்கும்.

'பேக்போர்ட்-2.4' (2.4-க்கும் கொண்டுபோக வேண்டிய திருத்தம்) என்று ஒரு லேபிள் வையுங்கள். 2.4 பிராஞ்சில் கமிட் ஏறியதைக் கண்ணால் பார்த்தபிறகே அதை எடுக்க வேண்டும். மூடிய இஷ்யூக்களிலும் இந்த லேபிளைத் தேடிப் பார்ப்பது செக்லிஸ்ட்டில் ஒரு வரியாக இருக்கட்டும்.

செர்ரி-பிக் செய்யும்போது (ஒரு கமிட்டை மட்டும் வேறு பிராஞ்சுக்கு நகலெடுக்கும்போது) எக்ஸ் (-x) விருப்பத்தோடு செய்யுங்கள். மூலக் கமிட்டின் ஹாஷ் (அடையாளக் குறியீடு) புதுக் கமிட்டின் செய்தியிலேயே பதிவாகிவிடும். செர்ரி-பிக் ஆன கமிட்டுக்கு ஹாஷ் மாறிவிடும் என்பதால், மெயின் ஹாஷைக் கொடுத்து 'எந்த பிராஞ்சில் இருக்கிறது' என்று 'கிட்' மென்பொருளைக் கேட்டால் 2.4 வராது. 2.4 பிராஞ்சின் லாகில் அந்த ஹாஷைச் சொல்லாகத் தேடினால் வரும். எக்ஸ் போடாமல் விட்டால் அந்தத் தேடலுக்கும் வழியில்லை.

நூல்கண்டு:

இரண்டு பேருக்கும் நன்றி. எங்கள் மூடிய இஷ்யூக்களில் பேக்போர்ட் ஆகாத இரண்டு இப்போதே கிடைத்தன. ஸ்டேல் பாட்? மொழிபெயர்ப்பாளர்களுக்கு எப்போது சொல்வது?

வெயிற்சாலை பதில்:

ஸ்டேல் பாட் வேண்டாம். காலத்தை மட்டும் பார்த்து மூடினால் பக் சரியாகாது, எண்ணிக்கைதான் குறையும். அதே பக் டூப்ளிகேட்டாகத் திரும்பி வரும். பிரச்சினையை ஒழுங்காக எழுதிக் கொடுத்தவர் அடுத்த முறை எழுதமாட்டார். 'தகவல் தேவை' என்று நீங்கள் கேட்டு, 30 நாளாகியும் பதில் வராததை மட்டும் மூடலாம்.

240-ஐயும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். ஓர் அமர்வுக்கு 15 என்றால் 16 அமர்வு. ஒவ்வொன்றிலும் மூன்றே கேள்வி: இப்போதைய பதிப்பில் இன்னும் நடக்கிறதா, ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா, மறுபடி நிகழ்த்திப் பார்க்கத் தகவல் போதுமா. சரிசெய்வதை அங்கேயே ஆரம்பித்தால் அந்த அமர்வு நான்கு இஷ்யூவோடு நின்றுவிடும்.

ரிக்ரஷன் (முன்பு ஓடியது இப்போது உடைந்தது) என்று தெரிந்தால், கடைசியாகச் சரியாக ஓடிய பதிப்பை இஷ்யூவிலேயே எழுதச் சொல்லுங்கள். அது இருந்தால், கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் போதும். 1000 கமிட்டுக்கு நடுவே ஏறக்குறைய 10 சோதனையில் குற்றவாளி சிக்கும். ஸ்கிரிப்ட் வைத்து 'பைசெக்ட் ரன்' என்று தானாக ஓடவிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நடுவில் ஒரு கமிட் பில்டே ஆகவில்லை என்றால் ஸ்கிரிப்ட் 125 என்று திருப்ப வேண்டும், அப்போதுதான் அதைத் தாண்டிப்போகும். பில்ட் தோல்விக்கும் 1 என்று திருப்பினால் அது 'கெட்டது' என்று கணக்காகி, சம்பந்தமே இல்லாத கமிட் மேல் பழி விழும்.

மொழிபெயர்ப்பு: ரிலீஸுக்கு 28 நாள் முன்பு புது வசதிகள் நிறுத்தம், 2.4 பிராஞ்ச் பிரிப்பு. 21 நாள் முன்பு சொல் உறைவு, அதாவது திரையில் வரும் எந்த வாக்கியமும் மாறக்கூடாது. 14-இல் ஆர்சி1 (முதல் 'ரிலீஸ் கேண்டிடேட்', அதாவது சோதனை வெளியீடு), 7-இல் கடைசி ஆர்சி. உறைவுக்குப் பிறகு மூல வாக்கியத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும், மொழிபெயர்ப்புக் கருவியான கெட்டெக்ஸ்டில் கோப்புகளைப் புதுப்பித்ததும் அந்த வரி எல்லா மொழியிலும் 'ஃபஸி' (மறுபடி சரிபார்க்க வேண்டியது) ஆகிவிடும். ஃபஸி வரிகளை, மொழிக் கோப்பைத் தொகுக்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி (msgfmt) இயல்பாகச் சேர்ப்பதில்லை. பயனருக்கு அந்த இடத்தில் ஆங்கிலம்தான் தெரியும். நல்ல மனதோடு செய்த ஒரு சின்னத் திருத்தம் பத்துப் பேரின் வேலையைக் கலைத்துவிடும் என்பதால், இதை ரிவ்யூ செய்பவர்கள் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

கரைமேடு:

ரிலீஸ் நாளின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். பதிப்பு எண் மாற்றம், சேஞ்ச்லாக், சிஐ (தானியங்கிச் சோதனை) பச்சை, பிறகு கையொப்பமிட்ட டேக் (அந்தப் பதிப்பைக் குறிக்கும் அடையாளம்). ரெப்போவைப் புதிதாக குளோன் (நகல்) செய்து அந்த டேக்கிலிருந்தே பில்ட். உங்கள் வேலை ஃபோல்டரிலிருந்து பில்ட் செய்தால் கமிட் ஆகாத கோப்பு ஒன்று உள்ளே போய்விடும். செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு), பதிவேற்றம், நம் மென்பொருள் இதுவரை ஏறாத கணினியில் நிறுவிப் பார்த்தல். அறிவிப்பு கடைசியில். டேக் போட்டபிறகு தவறு தெரிந்தால் டேக்கை நகர்த்தாதீர்கள். ஏற்கெனவே அதை இறக்கிக்கொண்டவர்களிடம் பழையதுதான் இருக்கும், ஒரே 2.4.0 இரண்டு விதமாக உலவும். 2.4.1 போடுங்கள். பதிவேற்றும் உரிமை இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.

நூல்கண்டு:

நான்கு விதியை வைத்துச் சலித்ததில் 61-இல் 7 மட்டும் பிளாக்கர். மீதி 54-ஐ 2.5-க்கு நகர்த்திவிடலாமா?

படிக்கல்:

மொத்தமாக நகர்த்தினால் 2.5-உம் இந்த 54-ஓடு தொடங்கும். மைல்ஸ்டோனே இல்லாமல் விடுங்கள். யாராவது புல் ரிக்வெஸ்ட் திறந்ததும், அதற்கு மட்டும் 2.5 போடுங்கள்.