ஸ்கிரீன் ரீடரோட ஒத்துப்போற சாட் ஆப் எது?

மதுரைக்காரன்:
எனக்கு பார்வை சுத்தமா கிடையாது, ஸ்கிரீன்ல இருக்கறத படிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடரா கம்ப்யூட்டர்ல என்விடிஏ, போன்ல டாக்பேக் வச்சிருக்கேன். ஆபீஸ்ல புதுசா ஒரு சாட் ஆப் போடச் சொல்லிட்டாங்க, எங்க போனாலும் "பட்டன், பட்டன்"னு மட்டும்தான் சொல்லுது, எது அனுப்புறது எது கால் பண்றதுன்னே தெரியல, நேத்து மேனேஜருக்கு வீடியோ கால் போயிருச்சு 😭 வேற எது நல்லாருக்கும்?

கருப்பட்டி காபி:
சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. விண்டோஸ்ல டெலிகிராமுக்கு யூனிகிராம்னு ஒண்ணு இருக்கு, மைக்ரோசாப்ட் ஸ்டோர்ல ஓசி. அம்புக்குறி கீயிலயே மெசேஜ் மெசேஜா போகலாம், நான் அதத்தான் வச்சிருக்கேன்.

தென்றல்:
வாட்ஸ்அப்ப பிரவுசர்லயே திறந்து பாருங்க. டைப் பண்ணா எழுத்து விழாம எங்கயோ தாவுச்சுன்னா என்விடிஏவோட பிரவுஸ் மோட்ல (கீ அமுக்குனா பக்கத்துக்குள்ள நகர்ற மோட்) இருக்கீங்கன்னு அர்த்தம், இன்சர்ட்டும் ஸ்பேஸும் சேத்து அமுக்குங்க, டைப் பண்றதுக்கான ஃபோகஸ் மோட் வந்துரும். தமிழ் மெசேஜ் படிக்க ஈஸ்பீக்ங்கிற குரல் சாஃப்ட்வேர்ல தமிழ் இருக்கு, குரல்தான் கொஞ்சம் ரோபோ மாதிரி, பழகிரும்.

ஓரத்துல ஒருத்தன்:
ஆபீஸ் ஆப்ப விட முடியாதுன்னா, போன்ல பேர் இல்லாத பட்டனுக்கு டாக்பேக் மெனுவுலயே நாமளா லேபிள் வைக்கலாம். மொதல்ல அந்த வீடியோ கால் பட்டனுக்கு வைங்க தம்பி.

மதுரைக்காரன்:
லேபிள் மேட்டர் தெரியவே தெரியாதுண்ணே, இப்பவே வைக்கிறேன்!